கதவு திறக்கிற பெட்டி

என்னிடம் ஒரு கார்டு வண்டி இருக்கிறது. ரயிலின் கடைசியில் சிவப்பு விளக்கோடு போகுமே, அது. தகரத்தில் செய்தது, என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். நாலு சக்கரத்தில் ஒன்று இல்லை. சிவப்பு விளக்கு இருந்த இடத்தில் இப்போது ஒரு பொட்டு துரு. பேரப்பிள்ளைகள் கேட்டால் கொடுத்துவிடுவேன். ஒருவரும் கேட்டதில்லை.

உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். செங்கோட்டை லைன் போட்ட புதிதில் ரயில் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அதனால் உங்களிடம் சொல்லலாம். எனக்கு எழுத்து வராது. பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் இருந்தேன், அதோடு சரி. நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுகிறான். பேச்சை அப்படியே போடாமல் புத்தகத் தமிழாக மாற்றிப் போடுகிறான். போகட்டும்.

அப்பாவுக்குத் திருநெல்வேலி டவுனில் கருப்பட்டி மண்டி. கீழே மண்டி, பின்கட்டில் வீடு, மேலே மச்சு. மச்சில் காலி ஓலைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். வெயில் ஏற ஏற அந்த ஓலையிலிருந்து ஒரு வாசனை கிளம்பும், புளித்த பதநீரும் புகையும் கலந்தது போல. இன்றைக்கும் எங்கேயாவது ஓலை காய்ந்தால் எனக்கு அந்த மச்சுதான் வருகிறது. அப்பா அனுப்புகிற கருப்பட்டியில் பாதி கொழும்புக்குப் போகும். அங்கே அம்மாவின் தம்பி கடை வைத்திருந்தார். என் தாய்மாமன். முப்பதைத் தாண்டியவர். முதலில் கட்டிய மாமி அங்கேயே காய்ச்சலில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு மாசி மாதம் மாமாவிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. அப்பாவுக்குக் குடை, அம்மாவுக்குச் சீட்டித்துணி. அடியில் ஒரு கனத்த புத்தகம். வழவழவென்ற தாள், மண்ணெண்ணெயும் கற்பூரமும் சேர்ந்த மணம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் விளையாட்டு ரயில் படங்கள். பச்சை இஞ்சின், கறுப்பு இஞ்சின், உட்காரும் பெட்டி, படுக்கும் பெட்டி, சாமான் பெட்டி, குதிரை ஏற்றும் பெட்டி. கூட வந்த கடிதத்தை மண்டிக் கணக்கப்பிள்ளை வாசித்தார்.

"பிள்ளைகள் ஒரு இஞ்சினும் நாலு பெட்டியும் பொறுக்கி, படத்தை வெட்டி அனுப்பவும். ஆனித் தேருக்கு வரும்போது கொண்டுவருகிறேன். பாப்பாவுக்குப் பிடித்ததாக இருக்கட்டும்."

பாப்பா என்பது அக்கா. அவளுக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. எனக்கு எட்டு. கடைசி வரியை வாசிக்கும்போது கணக்கப்பிள்ளை அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் குதிரைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் எங்களுக்கு வேறு வேலை இல்லை.

அக்கா எதையும் சட்டென்று செய்கிறவள் இல்லை. நிஜ ரயிலைப் பார்க்காமல் பொம்மை ரயிலைப் பொறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பேட்டை ரோட்டில் ரயில்வே கேட் இருந்தது. வண்டி வருகிற நேரத்துக்கு அங்கே போய் நிற்போம். கேட்காரர் வாயில் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பார்.

"ஏ பிள்ள, தெனமும் வந்து நிக்கியே, வண்டிய வெலைக்குக் கேக்கப் போறியா?"

"ஆமா. வாங்கத்தான் போறோம்" என்றாள் அக்கா.

"அடேயப்பா! எத்தன பெட்டி?"

"நாலு."

"நாலா? ஒங்க அப்பா கருப்பட்டிக்கே காணாதே." துப்பிவிட்டு வந்து சொன்னார்: "என்னமும் வாங்கு. கார்டு வண்டிய மட்டும் விட்டுராத. அது போன பொறவுதான் நான் கேட்டத் தெறப்பேன். கடைசி வெளக்கப் பாக்காம தெறந்தேன்னா என் வேல போச்சு. பாதி வண்டி பின்னால கழண்டு கெடந்தா யாருக்குத் தெரியும்?"

அக்கா வீட்டுக்கு வந்ததும் முதலில் பொறுக்கியது கார்டு வண்டிதான். எனக்குக் கோபம். இரண்டு இஞ்சின் வேண்டும் என்றேன்.

"ரெண்டு இஞ்சின் எதுக்குலே மூதி? ஒண்ணு இந்தப் பக்கம் இழுக்கும், ஒண்ணு அந்தப் பக்கம் இழுக்கும். நடுவுல நீ கெடப்பியா?"

அழுததற்குக் குதிரைப் பெட்டியைத் தந்தாள். குதிரை தலையை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்று, மரப் பலகை போட்டது. ஊரில் எல்லாரும் அதில்தானே போகிறார்கள் என்றாள். மீதி ஒரு பெட்டி. அதற்குத்தான் அவள் நாள்கணக்கில் தேடினாள். கடைசியில் கண்டுபிடித்தாள். தவிட்டு நிறப் பெட்டி. படத்தில் அதன் ஒரு கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

"ஏலே, இதப் பாரு. இதுல கதவு தெறக்கும்லே."

கத்தரிக்கோலை எதிர்த்த தையல்காரரிடம் இரவல் வாங்கி வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு. கதவு திறக்கிற பெட்டியின் முதுகில் பச்சை இஞ்சின் இருந்தது. இதை வெட்டினால் அது போச்சு, அதை வெட்டினால் இது போச்சு. இரண்டையும் அனுப்ப முடியாது. பச்சை இஞ்சின் எவ்வளவு அழகு என்று உங்களுக்கு எப்படிச் சொல்ல. வாழைக் குருத்து நிறம், பித்தளைப் பட்டை. இரண்டு நாள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அக்கா வெட்டினாள். இஞ்சினின் புகைபோக்கி தனியாகக் கீழே விழுந்தது.

"கறுப்பு இஞ்சினே போதும்லே. இஞ்சின் எதா இருந்தா என்ன? உக்காரப் போறது பெட்டியிலதான."

இடையில் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ரயில் வருவதற்கு முன்னாலேயே மச்சில் லைன் போட்டுவிட்டோம். பழைய ஓலைப்பெட்டியைப் பிரித்து ஈர்க்கு எடுத்து, அதுதான் தண்டவாளம். உடைந்த ஓடுதான் ஸ்டேஷன். ஆற்றுக்கு நீல வளையல் துண்டு. குற்றால மலைக்கு உதிர்ந்த கருப்பட்டியைக் குவித்தோம். மூன்றாம் நாள் எறும்பு வந்து மலையைக் கொண்டுபோயிற்று. லைன் டவுனில் தொடங்கி பேட்டை, சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வரை போயிற்று. தூத்துக்குடிப் பக்கமும் போடலாம், கப்பல் விடலாம் என்றேன். அக்கா கூடாது என்றாள்.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் அத்தை வீடு, அப்பாவின் அக்கா. அத்தைக்கு ஒரே மகன். வாழை போட்டிருந்தான். டவுனுக்கு வந்தால் எங்கள் வீட்டில் தார் இறக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவான். அந்த மாசியில் அத்தை வந்து அக்காவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தாள். அப்பாவுக்கு அக்காள் பேச்சைத் தட்ட மனம் இல்லை. அம்மாவுக்குத் தம்பியை விட மனம் இல்லை. எது என்று முடிவாகவில்லை. அக்காவிடம் யாரும் கேட்கவும் இல்லை. அப்போது பெண்ணிடம் நேரே கேட்கிற வழக்கம் ஏது? உங்கள் வீட்டில் கேட்டார்களா?

மச்சில் ஈர்க்கை நேராக்கிக்கொண்டே அக்கா ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

"அத்தை வீடுன்னா காலையில வண்டி ஏறுனா மத்தியானச் சோத்துக்கு இங்கன வந்திரலாம். கொழும்புன்னா கப்பல்லா ஏறணும். நெனச்சா வர முடியுமாலே?"

நான் ம் என்றேன். அவ்வளவுதான் அவள் சொன்னது. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

கீழே பெரியவர்கள் பார்த்ததெல்லாம் அந்தப் புத்தகத்தைத்தான். அக்கா சாப்பிடும்போதும் அதை மடியில் வைத்திருந்தாள். அடுத்த வீட்டு மதினி வந்தால் அம்மா காட்டுவாள்.

"பாத்தியா, வச்ச கண்ணு எடுக்காம பாக்கா. அவ மாமன் அனுப்புனது."

"பெறகென்ன, பிள்ளைக்கு மனசு கொழும்புலதான் இருக்கு" என்பாள் மதினி.

ஒரு சனிக்கிழமை அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். தலையில் சீயக்காய், கண்ணை இறுக்கி மூடியிருந்தேன். இந்தப் பேச்சு நடந்தபோது அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. காதால் கேட்டது மட்டும்தான்.

"ஏலே, அக்கா அந்தப் பொஸ்தகத்த வச்சிக்கிட்டு ஒங்கிட்ட என்னலே சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல."

"மாமாவப் பத்தி ஏதும்? அத்தை மவனப் பத்தி ஏதும்? ஒங்கிட்டதான அவ எல்லாம் பேசுவா. பொய் சொல்லாம சொல்லு."

உதட்டில் வழிந்த சீயக்காயைத் துப்பினேன். பிறகு கேட்டேன்.

"ஏம்மா, மாமா வேண்டாம்னா ரயிலு வருமா?"

அம்மா சிரித்தாள். "மாமா வேண்டாம்னா ரயிலு எதுக்குலே வரும்?"

"மாமாவத்தான் பிடிக்கும்னு சொன்னா" என்றேன்.

அம்மா தண்ணீரை மொண்டு ஊற்றினாள். சீயக்காய் கண்ணில் இறங்கி எரிந்தது. அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் கல்லிடைக்குறிச்சிக்கு ஆள் போயிற்று. வெட்டிய ஐந்து படமும் கொழும்புக்குப் போயிற்று. அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். வாழைத்தாரும் நின்றது.

வைகாசியில் அக்கா பெரியவளானாள். மச்சுக்கு ஏறக் கூடாது என்று பின்கட்டில் ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். பதினாறு நாள். நான் முற்றத்தில் நின்று ஜன்னல் வழியாக மச்சுச் சேதி சொல்வேன். வீரவநல்லூரை எலி தூக்கிவிட்டது என்பேன். வேறு ஓடு வை என்பாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, மாமாவுக்கு என்று முடிவாகிவிட்டது. மதினி சொல்லியிருக்கிறாள். என்னைக் கேட்டாள்.

"ஏலே, நான் சொன்னதா யாரோ அம்மாட்ட சொல்லியிருக்காவளாம். யாருலே?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். அடிக்கவில்லை, வையவில்லை. கம்பிக்குள் கையை விட்டு என்னைக் கிள்ளியிருக்கலாம், கை எட்டும். "வீரவநல்லூருக்குப் பெரிய ஓடா வை" என்று மட்டும் சொன்னாள்.

சடங்குக்கு மாமா தேர் வரை காத்திருக்காமல் கப்பல் ஏறி வந்தார். தாய்மாமன் சீர் அல்லவா. பதினாறாம் நாள் மேளத்தோடு தாம்பாளம் தாம்பாளமாக வந்தது. பட்டு, பழம், தேங்காய், பூ, சர்க்கரை. நடுவில் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் ரயில். டவுனில் அதற்கு முன்னும் பின்னும் ரயிலைச் சீர் வைத்ததை யாரும் பார்த்ததில்லை. ரத வீதியில் ஆட்கள் கூடவே நடந்து வந்தார்கள்.

"ஏ அண்ணாச்சி, அந்த வண்டி எத்தன மணிக்கு எடுக்கும்?"

"டிக்கெட்டு உண்டுமா வே?"

மாமாவும் சிரித்துக்கொண்டே நடந்தார். அவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சீர்ச் சாமான் எதுவும் சந்தனம் குங்குமம் வைக்காமல் வாசல்படி தாண்டக் கூடாது. வாசலில் நின்ற சுமங்கலிகள் தேங்காய்க்கு வைத்தார்கள், பழத்துக்கு வைத்தார்கள், ரயிலுக்கும் வைத்தார்கள். இஞ்சின் நெற்றிக்கு ஒன்று, புகைபோக்கிக்கு ஒன்று. பக்கவாட்டில் ஒரு துளை இருந்தது. அதில்தான் சாவி போட்டு முறுக்க வேண்டும். பொட்டு வைக்க வாகான இடம் என்று மதினி அதில் ஒரு விரல் சந்தனத்தை வழித்து அப்பினாள். மாமா ஐயோ என்றார். அதற்குள் குலவை சத்தம் வந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. ஊசியால் நோண்டி ஒருவாறு சாவியைச் செலுத்தினார் மாமா. கூடத்தில் தகரத் தண்டவாளத்தை மாட்டினார். எல்லாத் துண்டும் வளைந்த துண்டு. மாட்டி முடித்தால் ஒரு வட்டம். கல்லிடைக்குறிச்சிக்கும் போகாது, தூத்துக்குடிக்கும் போகாது. மச்சில் நாங்கள் போட்ட நீள லைனுக்கு அது ஒத்துவரவில்லை. இஞ்சின் முக்கால் வட்டம் ஓடி நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு தள்ளிவிட்டால்தான் ஓடும்.

அக்காவைப் பட்டுடுத்தி மணையில் உட்காரவைத்திருந்தார்கள். அம்மா கதவு திறக்கிற பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "நீ பொறுக்குனதுதான, பாரு" என்றாள். அக்கா அதைத் திருப்பினாள். நகத்தால் கதவு ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாள். மறுபடியும் கிளப்பினாள்.

பைய என் காதில் சொன்னாள். "கதவு இல்லலே. கோடு போட்டிருக்கு."

பெயிண்டு. திறந்திருப்பது போலப் பெயிண்டு அடித்திருந்தார்கள்.

"பிடிச்சிருக்காட்டி?" என்று அம்மா கேட்டாள். அக்கா தலையை ஆட்டினாள்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. அந்தக் கல்யாணம் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. பந்தியில் அப்பளம் போதாமல் போனது நினைவிருக்கிறது. கேட்காரர் ஒரு சீப்புப் பழத்தோடு வந்து, "நாலு பெட்டியும் வந்துட்டாம்லா?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அக்கா மறுவருஷம் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். மூன்று மாதம் இருந்தாள். மச்சுப் பக்கம் வரவில்லை. பெண் குழந்தை. இருவரையும் கொழும்பில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டாவது பிரசவத்துக்குக் கடல் கொந்தளிப்பு என்று வரவில்லை. கடிதம் வந்தது. கணக்கப்பிள்ளை வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். நான் கருப்பட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடித்தேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. வரும் என்று கொஞ்ச வருஷம் காத்திருந்தேன்.

ரயிலும் போயிற்று. குதிரைப் பெட்டியைக் குறுக்குத்துறையில் குளிக்கும்போது ஆற்றோடு விட்டேன். மூன்றாம் வகுப்பு எங்கே போனது என்று தெரியாது. இஞ்சினைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார்கள், சந்தனத்தோடு. கதவுப் பெட்டியை அக்கா தன் துணிகளோடு கொழும்புக்குக் கொண்டுபோயிருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. மாமா திருப்பி அனுப்பிய அவள் சாமானில் அது இல்லை.

அம்மா அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்தாள். யாராவது பேச்சை எடுத்தால், "நான் தள்ளிவிடல. அவளே பிரியப்பட்டுப் போனா. இவன்ட்ட அவ வாயாலயே சொன்னா. இவன்தான் சாட்சி" என்று என்னைக் காட்டுவாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அவளால் சாப்பிட முடிந்தது. நான் என்ன செய்ய? தலையாட்டினேன். நாற்பது வருஷம் தலையாட்டினேன்.

கல்யாணம் முடிந்து அக்காவும் மாமாவும் கொழும்புக்குப் புறப்பட்ட நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஜங்ஷன் ஸ்டேஷனில் தூத்துக்குடி வண்டி நின்றது. காலை வெயில். கறுப்பு இஞ்சின். ஆண்கள் பெட்டியில் மாமா ஏறினார். அக்காவைப் பெண்கள் பெட்டியில் ஏற்றினார்கள். புதுச் சேலை மொடமொடவென்றிருந்ததால் ஏறும்போது கால் தடுக்கியது. உள்ளே மூட்டை முடிச்சோடு நிறையப் பெண்கள். ரயில்வேக்காரர் ஒருவர் சாவிக்கொத்தோடு வரிசையாக வந்து, கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டிக்கொண்டே போனார். அந்தக் காலத்தில் அப்படித்தான், உங்களுக்கும் தெரியும். அம்மா ஜன்னலுக்குக் கீழே நின்று அழுதுகொண்டே பேசினாள், மாத்திரையை எங்கே வைத்திருக்கிறேன், கப்பலில் என்ன தின்னக் கூடாது என்று. அக்கா எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள். பிறகு என்னைக் கிட்டே வரச் சொன்னாள். அப்பா என்னைத் தூக்கிப் பிடித்தார்.

என் காதோடு சொன்னாள்.

"ஏலே, இதுலயும் உள்ள இருந்து தெறக்க முடியாதுலே."

வண்டி நகர்ந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் கார்டு வண்டி, பகலானதால் விளக்கு ஏற்றாமல். அது வளைவு திரும்பும் வரை அப்பா என்னை இறக்கிவிடவில்லை.

இறங்கியதும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா கடைசியா என்னலே சொன்னா?"

"மாமாவோட போறது சந்தோசமா இருக்காம்" என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்தாள். வீடு வரும் வரை வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.